கசிவு

புகை எச்சரிக்கைப் பெட்டி ஒன்றை உடைத்துத்தான்
இந்தக் காதை எடுத்தேன்.
பித்தளை வட்டு, கோட்டுப் பொத்தான் அகலம்,
நடுவில் வெள்ளைப் பீங்கான் பூச்சு.

பகலெல்லாம் பிறர் வாய்க்குப் பல் செய்கிறவள் நான்.
மிஞ்சிய பிசினை, ஈறின் இளஞ்சிவப்பில்,
வட்டின்மேல் ஊற்றி ஆறவைத்தேன்.
இனி இதற்குத் தண்ணீர்ப் பயம் இல்லை.
பார்க்கத்தான்
யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன சிரிப்பு மாதிரி இருக்கிறது.

மத்தி மீன் டப்பாவுக்குள் ஒன்பது வோல்ட் பேட்டரி,
ஒரு டிரான்சிஸ்டர், நாலு மின்தடை.
டப்பாவை மூன்று முறை கழுவியிருந்தேன்.
சாலிடர் இரும்பு பட்டதும்
சமையலறை முழுக்க மீன் வாசம்.

முதலில் வந்தது முனகல்.
சுவர்களுக்குள் ஓடும் மின்சாரம்,
நொடிக்கு ஐம்பது முறை அதே புகார்.
டப்பாவில் விரல் வைத்தேன், அடங்கியது.
எடுத்தேன், தொடங்கியது.
நாற்பத்தாறு வயதில்
நான் தொட்டதும் அமைதியான முதல் ஜீவன்.

எங்கள் ஊர்ப் பெயருக்குப் படகு என்று பொருள்.
வூச்.
சொல்லும்போதே உதடு குவிந்து ஒரு துடுப்புப் போடும்.
ஆறு எங்கே என்று கேட்டால் மட்டும்
யாரும் கை நீட்ட மாட்டார்கள்,
காலால் தரையைத் தட்டுவார்கள்.
துணி ஆலைகள் ஒருநாள் நீலமாகவும்
ஒருநாள் ரத்தமாகவும் ஓடவிட்ட ஆறுகளைச்
செங்கல் குழாய்க்குள் தள்ளி
மேலே தெரு போட்டுவிட்டார்கள்.

நவம்பர். இரவு பதினொன்று.
பழைய சாயப்பட்டறைக்குப் பின்னால்
சாக்கடை மூடியின் இரும்புச் சட்டத்தினூடே
பன்னிரண்டு மீட்டர் ஒயரில் காதை இறக்கினேன்.
வோட்கா வாடையோடு ஒருவர் நின்றார்.
"மீனா?"
ஆமாம் என்றேன்.
கிடைத்தால் பெரியதை மட்டும் வைத்துக்கொள் என்று
தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஹெட்போனில் ஒரு ட்ராம், எலும்புக்குள் ஓடுவதுபோல.
அது போனபின்
அது.
சலசலப்பு என்று சொல்ல மாட்டேன்,
அந்தச் சொல் வானம் பார்த்த தண்ணீருக்கு.
இது தொண்டை.
பேச்சை விழுங்கிக்கொண்டே இருக்கும் தொண்டை.
நாற்பத்தொரு நிமிடம் பதிவு செய்தேன்.
விரல் மரத்துவிட்டது, பொத்தானை அணைக்க மூக்கால் அழுத்தினேன்.

வட்டில் இன்னொரு குணம் உண்டு.
கேட்ட கம்பியிலேயே ஒலியைத் திருப்பி அனுப்பினால்
காது வாயாகிவிடும்.
துணி கவ்வும் கிளிப்பால்
வெந்நீர்க் குழாயில் அதைக் கவ்வவைத்து
ஆற்றை ஓடவிட்டேன்.
சும்மாதான். என்ன ஆகும் என்று பார்க்க.
பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

என் வீடு ஏழாம் மாடி. கீழே வரைக்கும் இரும்பு.
இரும்புக்கு ரகசியம் காக்கத் தெரியாது.
மூன்றாம் மாடி போகுமீவா அம்மையார்
விடியும்வரை இரண்டு வாளிகளோடு உட்கார்ந்திருந்தாராம்.
ஐந்தாம் மாடி நாய்
குளியல் தொட்டிக்குள் ஏறி, இறங்க மறுத்துவிட்டதாம்.

குழாய்க்காரர் ஸெனோன் வந்தார்.
பையிலிருந்து கருவி எதுவும் எடுக்கவில்லை,
ஒரு நீள ஸ்க்ரூடிரைவர்.
முனை குழாயில், கைப்பிடி காதுக்குப் பின்னெலும்பில்.
கண்ணை மூடி
மாடி மாடியாகக் கேட்டுக்கொண்டே ஏறி
என் கதவைத் தட்டினார்.

கிளிப்பைப் பார்த்தார். ஈறைப் பார்த்தார்.
மீன் டப்பாவை முகர்ந்தார்.
நான் ஹெட்போனை நீட்டினேன், வேறென்ன செய்வது.
அவர் வேண்டாம் என்று
தன் ஸ்க்ரூடிரைவரையே மறுபடி குழாயில் வைத்தார்.
வெகுநேரம்.
"இதற்கு பேட்டரி கிடையாது" என்றார் கடைசியில்.

பிறகு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்:
தண்ணீர் உண்டு. கசிவு இல்லை.
வருகைக் கட்டணம் எண்பது ஸ்வோட்டி.
பாதியை நான் கொடுத்தேன்.

மூன்றாம் மாடியில்
வாளிகளை இன்னும் எடுக்கவில்லை.